மடக்குக்கத்தி பழுதுபார்ப்பு: மடக்கெழுத்தாணி முதல் பேனாக்கத்தி வரை

மடக்குக்கத்தி என்பது அலகைப் பிடிக்குள் மடித்து வைத்துக்கொள்ளக்கூடிய சிறு கத்தி. தமிழ்நாட்டில் இதனைப் பேனாக்கத்தி என்றே பெரும்பாலோர் அழைப்பர். அலகு எவ்வளவு நல்ல எஃகால் ஆனதாக இருந்தாலும், அதைத் தாங்கும் ஆணி தளர்ந்துவிட்டால் கத்தி பொருளை விட்டுவிட்டுக் கையை வெட்டும். ஆகவே இக்கத்தியின் வரலாற்றில் அலகுக்கு இணையாக இடம்பெற வேண்டியவை அதன் உள்ளே மறைந்திருக்கும் ஆணி, வில், தகடு ஆகிய சிற்றுறுப்புகளும், அவற்றை மாற்றிக் கொடுத்த கொல்லர்களும் ஆவர். இக்கட்டுரை அவற்றைப் பற்றியது.

செஞ்சிக்கும் விழுப்புரத்திற்கும் இடைப்பட்ட மண்டகப்பட்டு என்னும் சிற்றூரில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குடைவரைக் கோயில் ஒன்று உள்ளது. செங்கல், மரம், உலோகம், சுண்ணம் ஆகிய எதுவும் இல்லாமல் பிரமன், ஈசன், திருமால் ஆகிய மூவருக்கும் இக்கோயிலை விசித்திரசித்தன் அமைத்தான் என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு கூறுகிறது. கி.பி. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த இக்கல்வெட்டைப் படிக்கும் எவருக்கும் ஒரு சிறு ஐயம் எழும். கட்டடத்தில் உலோகம் இல்லை என்பது சரி. ஆனால் கருங்கல்லைக் குடைந்த உளி? கருங்கல்லில் அடிபடும் உளியின் முனை சிறிது நேரத்திலேயே மழுங்கிவிடும். அதை உலையில் காய்ச்சி, அடித்து, நீரில் தோய்த்து மீண்டும் கூராக்க வேண்டும். மாமல்லபுரத்துச் சிற்பக்கூடங்களில் இன்றும் இவ்வேலை நடக்கிறது. மண்டகப்பட்டிலும் பாறைக்கு அருகில் ஓர் உலையும் துருத்தியும் இருந்திருக்கத்தான் வேண்டும். அரசனின் பட்டப்பெயர் கல்லில் நின்றது. உளிக்குப் பதம் வைத்தவரைப் பற்றிக் கல்வெட்டில் ஒரு சொல்லும் இல்லை. கருவிகளைப் பழுதுபார்க்கும் தொழிலின் வரலாறு எழுதக் கடினமானதாக இருப்பதற்கு இதுவே காரணம். அத்தொழில் தன்னைப் பற்றி எழுதி வைப்பதில்லை. பழுது நீக்கப்பட்ட பொருளிலேயே அதன் தடயத்தைத் தேட வேண்டும்.

மடக்கெழுத்தாணி

தமிழகத்தில் மடக்கி வைக்கும் கருவி ஆங்கிலேயரோடு வந்தது என்று பலர் எண்ணுகின்றனர். ஓலையில் எழுதிய காலத்திலேயே அது நம்மிடம் இருந்தது. எழுத்தாணிகளில் குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என்று வகைகள் உண்டு. உ.வே. சாமிநாதையர் 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக எழுதிய ‘என் சரித்திரம்’ நூலில் இவ்வகைகளை விளக்கியுள்ளார். குண்டெழுத்தாணியின் தலை கனமாகவும் உருண்டும் இருக்கும். வாரெழுத்தாணியில் ஒரு முனை எழுதுவதற்கும், மறுமுனை ஓலையை வாருவதற்கும், அதாவது ஓரங்களைச் சீராக நறுக்குவதற்கும் பயன்படும். மடக்கெழுத்தாணி இவ்விரு வேலைகளையும் மடித்து ஒரு பிடிக்குள் அடக்கிக்கொண்டது. பிடி மரத்தாலோ, கொம்பாலோ, தந்தத்தாலோ, பித்தளையாலோ செய்யப்பட்டது.

எழுதுகோலும் கத்தியும் ஏன் ஒன்றாக இருக்க வேண்டும்? ஓலையில் எழுதுபவர்க்கு இரண்டும் ஒரே நேரத்தில் தேவைப்பட்டன. ஓலையின் நடு ஈர்க்கை நீக்க வேண்டும். ஒரே அளவாக நறுக்க வேண்டும். ஓரத்தைச் செதுக்க வேண்டும். கயிறு கோக்கத் துளையிட வேண்டும். அதன்பிறகே எழுத்து. ஊர் ஊராகச் செல்லும் கணக்கர்க்கும் புலவர்க்கும் கூரிய முனையுள்ள இரும்பை மடியில் செருகிக்கொண்டு நடப்பது ஆபத்து. மடக்கினால் அந்த ஆபத்து இல்லை.

இதன் அமைப்பு மிக எளிது: பிளவுள்ள ஒரு பிடி, அதன் குறுக்கே ஓர் ஆணி, அந்த ஆணியைச் சுற்றித் திரும்பும் இரும்பு. ஆணியின் இரு தலைகளும் அடித்துப் பரப்பப்பட்டிருக்கும். இதைத் தறையாணி என்பர்; இன்று பட்டறைகளில் ரிவிட் என்றே வழங்குகிறது. திருகு கிடையாது. இறுக்கம் முழுவதும் அந்த அடியில்தான் இருக்கிறது.

ஓலையில் எழுதும்போது இடக்கைக் கட்டைவிரல் நகத்தில் எழுத்தாணியைச் சாய்த்து, வலக்கையால் மெல்ல உந்துவார்கள். நகத்தில் அதற்கென ஒரு பள்ளம் வெட்டிக்கொள்வதும் உண்டு. ஓலையின் மேல்தோலைக் கீற வேண்டும். ஆனால் கிழிக்கக் கூடாது. புள்ளி வைத்தால் ஓலை பொத்துவிடும் என்பதாலேயே சுவடிகளில் மெய்யெழுத்துப் புள்ளிகளைப் பெரும்பாலும் காண முடிவதில்லை. (சுவடி படிக்கத் தொடங்குவோர் முதலில் திணறும் இடமும் இதுவே.) இவ்வளவு நுட்பமான வேலையில் ஆணி தளர்ந்து எழுத்தாணி ஒரு நூலளவு ஆடினாலும் கோடு தடம் மாறும், ஓலை நரம்பு வழியே கீறிக்கொண்டு ஓடும். எனவே மடக்கெழுத்தாணி வைத்திருந்தவருக்கு ஆணி இறுக்கம் என்பது இன்று நாம் பேனாவுக்கு மை நிரப்புவது போல அடிக்கடி கவனிக்க வேண்டிய ஒன்றாக இருந்திருக்கும்.

இதைச் சரிசெய்யத் தனித் தொழிலாளர் தேவைப்படவில்லை. கலப்பைக் கொழு, அரிவாள், மண்வெட்டி ஆகியவற்றைச் செய்த ஊர்க்கொல்லரே செய்து தந்திருக்க முடியும். ஊர்க்கொல்லர்க்கும் தச்சர்க்கும் ஆண்டு முழுவதும் செய்த வேலைக்கு அறுவடைக் களத்தில் நெல்லாகப் பங்கு அளக்கும் வழக்கம் தமிழகம் எங்கும் இருந்தது. பழைய வருவாய் ஆவணங்களில் இது மேரை என்றும் சுதந்திரம் என்றும் குறிக்கப்படுகிறது. கருவியைச் செய்தவரே அதைப் பழுதுபார்ப்பவராகவும் அதே தெருவில் வாழ்பவராகவும் இருந்ததால் ‘உதிரிபாகம்’ என்ற எண்ணத்திற்கே இடமில்லை. ஆணி போனால் ஓர் ஆணியை அடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இறகும் பேனாவும்

பேனாக்கத்தி என்ற சொல்லில் ஒரு சிறு வரலாறு பொதிந்துள்ளது. இலத்தீனில் ‘பென்னா’ என்றால் இறகு. அதிலிருந்து போர்த்துக்கீசிய ‘பெனா’. அதிலிருந்து தமிழில் பேனா. வாத்து இறகின் அடித்தண்டைச் சீவி முனையாக்கி மையில் தொட்டு எழுதிய காலத்தில், சில பக்கங்கள் எழுதுவதற்குள் முனை தேய்ந்துவிடும். மீண்டும் சீவ வேண்டும். அதற்கென வைத்திருந்த சிறு கத்தியே பேனாக்கத்தி. 1830களில் பர்மிங்ஹாம் தொழிற்சாலைகளிலிருந்து எஃகு முனைகள் பெருமளவில் வெளிவரத் தொடங்கியதும் இறகு மறைந்தது. கத்தி மட்டும் பெயரை விடாமல் பென்சில் சீவவும், கயிறு அறுக்கவும், மாங்காய் நறுக்கவும் தங்கிவிட்டது. எழுத்தாணியும் இறகும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வழக்கொழிந்தன என்பதும், இரண்டுக்குமே துணையாக ஒரு மடக்குக்கத்தி இருந்தது என்பதும் கவனிக்கத்தக்கவை.

மடக்குக்கத்தியே மிகப் பழையது. ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட் பகுதியில் கிறித்துவுக்கு ஐந்தாறு நூற்றாண்டுகள் முந்தைய எலும்புப் பிடி மடக்குக்கத்தி கிடைத்துள்ளது. உரோமானியரும் வைத்திருந்தனர். இவையெல்லாம் நம் மடக்கெழுத்தாணியைப் போலவே உராய்வினால் மட்டும் நிற்பவை. முதுகில் வில் வைத்த கத்தி 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் ஐரோப்பாவில் பரவலாயிற்று. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரம் அதன் தலைமையிடம். அந்நகரின் கத்தித் தொழிலாளர் சங்கம் 1624ஆம் ஆண்டிலேயே சட்டப்படி நிறுவப்பட்டது.

தென்னாட்டு உருக்கும் ஷெஃபீல்டும்

இங்கே தமிழ் வாசகர் அறிய வேண்டிய செய்திகள் இரண்டு உண்டு.

முதலாவது, தென்னிந்திய உருக்கைப் பற்றியது. கன்னடத்தில் உக்கு, தமிழில் உருக்கு எனப்படும் இவ்வெஃகை ஐரோப்பியர் ‘வூட்ஸ்’ என்று அழைத்தனர். பம்பாயிலிருந்து இலண்டனுக்கு அனுப்பப்பட்ட வூட்ஸ் கட்டிகளை ஆராய்ந்து ஜார்ஜ் பியர்சன் 1795ஆம் ஆண்டு ராயல் சொசைட்டியில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அந்த ஆய்வுக்காக ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்னும் இலண்டன் கத்தித் தொழிலாளர் அக்கட்டியிலிருந்து செய்து பார்த்த பொருள் வேறெதுவுமல்ல, ஒரு பேனாக்கத்திதான். அதற்குப் பதம் வைத்த வெப்பநிலை 450 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது ஏறத்தாழ 232 டிகிரி செல்சியஸ் என்றும், அது மிகச் சிறந்த எஃகுக் கத்திக்கு இணையாக வெட்டியது என்றும் அக்கட்டுரை பதிவுசெய்கிறது. அதே ஸ்டோடார்ட் பின்னாளில் மைக்கேல் ஃபாரடேயுடன் சேர்ந்து எஃகுக் கலவைகளை ஆராய்ந்து 1820இலும் 1822இலும் கட்டுரைகள் வெளியிட்டார். மின்னியலில் புகழ்பெறும் முன்பு ஃபாரடே உலைக்களத்தில் நின்றதற்குத் தென்னிந்திய உருக்கும் ஒரு காரணம்.

இரண்டாவது செய்தி மண்டகப்பட்டும் செஞ்சியும் அடங்கியிருந்த பழைய தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. (1993ஆம் ஆண்டு இம்மாவட்டம் பிரிக்கப்பட்டு விழுப்புரம் தனி மாவட்டமானது.) கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை ஆட்சிப்பணியில் இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் 1830ஆம் ஆண்டு வாக்கில் பரங்கிப்பேட்டையில் ஓர் இரும்பு ஆலையை நிறுவினார். சேலம் பகுதித் தாதுவைக் கொண்டு, மரக்கரி எரித்து இயங்கிய அந்த ஆலை வணிகத்தில் வெற்றிபெறவில்லை. ஹீத் இங்கிலாந்து திரும்பி, உருகிய எஃகில் சிறிதளவு மாங்கனீசுச் சேர்மம் இட்டால் மலிவான இரும்பிலிருந்தும் நல்ல எஃகு வார்க்கலாம் என்று கண்டறிந்து 1839இல் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டுக் கத்தித் தொழிலுக்கு அது பெரும் இலாபம் தந்தது. ஆனால் அவருடைய முகவராக இருந்த அன்வின் என்பவரே மாங்கனீசு ஆக்சைடையும் கரியையும் தனித்தனியாக இட்டு, காப்புரிமையில் சொன்ன சேர்மத்தைத் தாம் பயன்படுத்தவில்லை என்று வாதிட்டார். வழக்கு ஹீத் இறந்த பின்னும் நடந்தது. அவருக்குக் கிடைத்தது கடன்தான். பரங்கிப்பேட்டையில் தோற்ற ஒருவரின் கண்டுபிடிப்பால் மலிவான ஷெஃபீல்டு எஃகு, பேனாக்கத்தி வடிவில் மீண்டும் நம் நாட்டுக் கடைகளுக்கே வந்து விற்றது. நம் பாடநூல்களில் ஹீத்துக்கு ஒரு பத்தியாவது இருக்கலாம்.

ஷெஃபீல்டுக் கத்தியைப் பற்றி அறிய வேண்டிய மற்றொன்று, அது தொழிற்சாலைப் பொருள் போலத் தோன்றினாலும் கைவேலைப் பொருளே என்பது. அலகை அடிப்பவர் ஒருவர், சாணை பிடிப்பவர் ஒருவர், எல்லாவற்றையும் பிடியில் பொருத்துபவர் வேறொருவர். பொருத்துபவர் ஒவ்வொரு வில்லையும் அதன் அலகுக்கு ஏற்ப அராவி அமைத்தார். ஒரு கத்தியின் வில்லைக் கழற்றி, அதே அச்சுடைய மற்றொரு கத்தியில் வைத்தால் சேராது. ஆகவே, செய்த நகரத்திற்கே அனுப்பினாலும் புது உறுப்பைக் கையால்தான் இழைத்துச் சேர்க்க வேண்டும். அந்த வேலையைத் தென்னார்க்காட்டுக் கொல்லரும் செய்ய முடிந்ததற்கு இதுவே காரணம். இயந்திரத்தில் ஒரே அளவாகச் செய்து, எந்த உறுப்பையும் எந்தக் கத்திக்கும் மாற்றலாம் என்ற நிலை பின்னாளில்தான் வந்தது. சுவிட்சர்லாந்தின் கார்ல் எல்சனர் 1897இல் பதிவுசெய்த அதிகாரிகள் கத்தியில் இரண்டே விற்கள் ஆறு கருவிகளைத் தாங்கின. ஒரே வில்லின் இரு முனைகளையும் வேலை வாங்கியது அவருடைய திறமை.

உள்ளே என்ன இருக்கிறது

முதுகுவில் உள்ள பேனாக்கத்தியைப் பிரித்தால் கிடைப்பவை இவை: அலகு, அதன் அடிக்கட்டை, அடிக்கட்டையின் துளை வழியே செல்லும் சுழல் ஆணி, முதுகில் நீளவாக்கில் அமைந்த எஃகு வில், வில்லை நடுவிலும் பின்முனையிலும் பிடிக்கும் இரு ஆணிகள், இரு பக்கமும் மெல்லிய பித்தளைத் தகடுகள், அவற்றின்மேல் கொம்பு, எலும்பு அல்லது மரத்தாலான பிடிச்சில்லுகள்.

அலகைத் திறக்கும்போது அடிக்கட்டையின் மூலைகள் வில்லை மேலே தள்ளுகின்றன. அடிக்கட்டையின் தட்டையான பக்கம் வந்ததும் வில் இறங்கி அமர்கிறது. நல்ல கத்தியில் அப்போது ‘டக்’ என்று ஓர் ஓசை கேட்கும். கொல்லர்கள் பலர் கத்தியைக் கையில் வாங்கியதும் முதலில் திறந்து மூடிக் கேட்பது இந்த ஓசையைத்தான். ஓசை மந்தமாக இருந்தால் வில் சோர்ந்திருக்கிறது, அல்லது உள்ளே அழுக்கும் துருவும் ஏறியிருக்கின்றன என்று பொருள். பாதிக்கும் மேற்பட்ட கத்திகளுக்குப் பழுதே கிடையாது. சட்டைப் பையின் நூல் பிசிறு, புளிச்சாறு, மாங்காய்ப் பால், வியர்வை உப்பு ஆகியவை சேர்ந்து வில்லுக்கடியில் இறுகியிருக்கும். மண்ணெண்ணெயில் ஓரிரவு ஊறவைத்து, மூங்கில் ஈர்க்கால் சுரண்டி, இரண்டு துளி எண்ணெய் விட்டால் போதும். தேங்காய் எண்ணெய் ஆகாது. அது நாளடைவில் பிசுபிசுத்து மேலும் அழுக்கைச் சேர்க்கும். தையல் இயந்திர எண்ணெய் நல்லது.

உண்மையான பழுதுகள் மூன்று வகை. ஆணி தேய்ந்து அலகு பக்கவாட்டில் ஆடுவது ஒன்று. வில் ஒடிவது இன்னொன்று. பெரும்பாலும் நடு ஆணித் துளையின் ஓரத்தில்தான் ஒடியும், அங்கே எஃகின் அகலம் குறைவு, வளையும் அழுத்தமோ அதிகம். மூன்றாவது சற்று வேடிக்கையானது. பல ஆண்டுகள் தீட்டித் தீட்டி அலகு குறுகியதும், மூடிய நிலையில் அதன் நுனி பிடிக்கு வெளியே தலைகாட்டத் தொடங்கும். பையைக் கிழிக்கும், விரலைக் குத்தும். அலகின் கழுத்தடியில் வில்லைத் தொட்டு நிற்கும் சிறு முட்டு ஒன்று உண்டு. அந்த முட்டை ஓரிரு இழுப்பு அராவினால் அலகு இன்னும் உள்ளே இறங்கும். ஓரிழுப்பு மிகுந்துவிட்டால் கூர்முனை வில்லில் மோதி மழுங்கும். இதற்குக் கைப்பழக்கம் ஒன்றே அளவுகோல்.

பட்டறையில்

ஆணி தளர்ந்த கத்திக்கு எளிய மருந்து, ஆணியின் தலையைச் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டிப் பரப்புவது. இரும்புத் துண்டின்மேல் ஒரு தலையை வைத்து மறுதலையைச் சுற்றிச் சுற்றித் தட்ட வேண்டும். வேகமாக ஓர் அடி அடித்தால் கொம்புச் சில்லு பிளந்துவிடும். தட்டியது மிகுந்தால் அலகு அசையவே அசையாது. அதனால் தட்டும்போது அலகுக்கும் தகட்டுக்கும் இடையில் மெல்லிய தாளைச் செருகிவைத்து, முடிந்ததும் தாளைக் கிழித்து எடுத்துவிடும் உத்தி உலகெங்கும் உண்டு. தாளின் தடிமன் அளவுக்கு இடைவெளி மிஞ்சும். அலகு சுழல அது போதுமானது.

தட்டியும் சரியாகாவிட்டால் ஆணியை மாற்ற வேண்டும். ஒரு பக்கத் தலையை அராவித் தேய்த்து, முளையால் தட்டி ஆணியை வெளியேற்றுவார்கள். புதிய ஆணிக்குச் சைக்கிள் ஸ்போக் கம்பி பெரிதும் உதவியது. குடைக்கம்பியும் பித்தளைக் கம்பியும் பயன்பட்டன. துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் மெல்லிய கம்பி நிற்காது. துளையைச் சற்றுப் பெரிதாக்கித் தடித்த ஆணி போட வேண்டும், அல்லது துளைக்குள் பித்தளைக் குழல் ஒன்றைச் செருக வேண்டும். பக்கவாட்டு இடைவெளிக்குப் பித்தளைத் தகட்டில் நாணயம் போல வெட்டிய சிறு வாஷர் போடுவது வழக்கம். இரும்போடு இரும்பு உரசினால் கறகறக்கும், துருவும் பிடிக்கும். இடையில் பித்தளை இருந்தால் வழுக்கிச் செல்லும். மூலக் கத்தியில் இரும்பு ஆணி இருந்த இடத்தில் மஞ்சள் தலை மின்னினால், அது ஏதோ ஒரு பட்டறைக்குப் போய் வந்தது என்று ஐயமின்றிச் சொல்லலாம்.

வில் மாற்றுவது இவற்றுள் கடினமானது. கொல்லரின் உண்மையான தேர்வு அதில்தான். முதலில் எஃகு வேண்டும். பிற்காலத்தில் லாரி, பேருந்துகளின் பட்டைகள், அதாவது லீஃப் ஸ்பிரிங் துண்டுகள், கொல்லர்களின் முதன்மை மூலப்பொருள் ஆயின. அரிவாள் முதல் கத்திவில் வரை அவற்றிலிருந்தே வந்தன. கைமுழ நீளப் பட்டையிலிருந்து ஒரு விரல் நீளத்துண்டை வெட்டி, காய்ச்சி அடித்து, ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் தடிமனுக்குக் கொண்டுவர வேண்டும். மெதுவாக ஆறவிட்டால் எஃகு மென்மையாகும். அந்நிலையில் பழைய வில்லை மேலே வைத்து, துளைகளைக் குறித்துத் துளையிட்டு, அராவி வடிவம் தருவார்கள். பழைய வில் இரண்டாக ஒடிந்திருந்தாலும் அதைத் தூக்கி எறியக் கூடாது, அதுவே அச்சு. வில்லை நேராகச் செய்தால் பயனில்லை. ஆணியில் பூட்டும்போது அது சற்று வளைந்து இழுபட்டு உட்கார வேண்டும். அந்த இழுவைதான் அலகை அமர்த்திப் பிடிக்கிறது.

பின்னர் பதம். சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தால் எஃகு கண்ணாடி போலக் கடினமாகும், அதே அளவு நொறுங்கும் தன்மையும் பெறும். அதை அப்படியே பூட்டினால் முதல் திறப்பிலேயே முறியும். ஆகவே மேற்பரப்பைப் பளபளப்பாகத் தேய்த்து, மீண்டும் மெல்லச் சூடேற்றுவார்கள். சூடு ஏற ஏற எஃகின் முகத்தில் நிறங்கள் ஓடும்: முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, பிறகு கத்தரிப்பூ ஊதா, அடுத்து மயில்கழுத்து நீலம். வைக்கோல் நிறம் ஏறத்தாழ 230 டிகிரி செல்சியஸ். நீலம் ஏறத்தாழ 300. அலகுக்கு வைக்கோல் நிறத்தில் நிறுத்த வேண்டும், வில்லுக்கு நீலம் வரை விட வேண்டும். ஸ்டோடார்ட் தம் பேனாக்கத்திக்கு வைத்த 450 டிகிரி ஃபாரன்ஹீட் துல்லியமாக இந்த வைக்கோல் நிறத்தில்தான் வந்து நிற்கிறது. இலண்டனில் வெப்பமானி காட்டியதை நம் பட்டறையில் கண் காட்டியது. உலைக்களம் எப்போதும் அரையிருட்டாக இருப்பதற்கும் இதுவே காரணம். வெயிலில் எஃகின் நிறம் தெரியாது.

கொம்புப் பிடியும் எலும்புப் பிடியும் சூட்டில் கருகும். ஆதலால் எல்லாவற்றையும் பிரித்த பின்பே உலைக்கருகில் கொண்டுபோக வேண்டும். பிரித்தால் பழைய ஆணிகள் எதுவும் மீண்டும் பயன்படா. மூன்றையும் புதிதாக அடிக்க வேண்டும். ஒரு வில் மாற்றுவது உண்மையில் முழுக் கத்தியையும் மறுபடி கட்டுவதே. செய்யும் நேரத்தைக் கணக்கிட்டால் புதுக் கத்தியின் விலையை எட்டிவிடும். புதுக் கத்தி அரிதாகவும் கொல்லரின் நாள் மலிவாகவும் இருந்தவரை அக்கணக்கு ஒத்துவந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. பழைய கைத்தொழிலைப் புகழும்போது அதற்குத் தரப்பட்ட கூலி எவ்வளவு என்பதையும் கேட்பது நேர்மை.

உறவுக் கருவிகள்

பேனாக்கத்திக்கு நெருங்கிய உறவு இரண்டு. பாக்குவெட்டியின் இரு கைகளையும் இணைப்பது ஒரே தறையாணி. அது தளர்ந்தால் பாக்கு நழுவும், விரல் நசுங்கும். மற்றொன்று நாவிதர்களின் சவரக்கத்தி. அதுவும் பிடிக்குள் மடங்குவதே. ஆனால் வில் கிடையாது, ஆணியின் இறுக்கமும் சிறு வாஷர்களும்தான். முகத்தில் ஓடும் கத்தி ஆடக்கூடாது என்பதால் நாவிதர்கள் இந்த ஆணியைத் தாங்களே தட்டி இறுக்கிக்கொள்ளப் பழகியிருந்தனர். 1986ஆம் ஆண்டு இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்று சென்னையில் கண்டறியப்பட்டது. அதையடுத்து வந்த விழிப்புணர்வால், ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளேடு பொருத்தும் கத்திக்குச் சலூன்கள் மாறின. உடல்நலத்திற்கு அது சரியான மாற்றம். ஆணியைத் தட்டி இறுக்கும் கைப்பழக்கம் அதோடு போயிற்று.

வட இந்தியாவில் ராம்பூர் நகரின் பெயரால் அறியப்பட்ட, பொத்தானை அழுத்தினால் திறக்கும் கத்திகள் திரைப்படங்கள் வழியே இங்கும் தெரிந்தவை. மடக்குக்கத்தி என்றாலே சண்டைக்காரர் கருவி என்ற எண்ணம் பரவியதில் அவற்றுக்குப் பங்குண்டு. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் வந்த 1962ஆம் ஆண்டு விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளையே ஆயுதப் பட்டியலில் சேர்த்தன. வீட்டுக்கும் வேளாண்மைக்கும் தொழிலுக்கும் உரியவற்றை விலக்கின. சாதாரணப் பேனாக்கத்தி அந்த எல்லைக்கு வெகுதூரம் கீழே உள்ளது.

பழுதுபார்ப்பு குறைந்த விதம்

பள்ளிக்கூடங்களில் பென்சில் சீவப் பேனாக்கத்தி கொண்டுவருவது ஒரு காலத்தில் இயல்பு. வகுப்பில் ஒருவனிடம் கத்தி இருந்தால் முப்பது பேருக்குப் பென்சில் சீவப்படும். ஷார்ப்னர் மலிந்ததும், பந்துமுனைப் பேனா வந்ததும், கத்திக்கு வகுப்பறையில் வேலை இல்லாமற்போயிற்று. ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில் அதற்காக வருந்தமாட்டேன். வெட்டுக்காயத்திற்குக் கட்டுப்போடும் வேலை குறைந்தது. ஆனால் பிள்ளைகள் கையில் இருந்த, திறந்து மூடி உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கக்கூடிய ஒரே பொறி அதுதான் என்பதையும் சொல்ல வேண்டும்.

சந்தையில் பின்னர் வந்த மலிவுக் கத்திகள் அச்சில் வெட்டிய மெல்லிய தகடும் பிளாஸ்டிக் பிடியும் கொண்டவை. ஆணியை அராவினால் பிடியே உருகும் அல்லது உடையும். அவற்றைப் பிரிக்க முடியாது. பிரித்தாலும் பூட்ட முடியாது. அதற்கும் பின்னால் வந்த விலையுயர்ந்த மடக்குக்கத்திகள் வேறு திசையில் சென்றன. அவற்றில் தறையாணிக்குப் பதில் நட்சத்திரத் தலைத் திருகுகள், நைலான் அல்லது வெண்கல வாஷர்கள், சிறு குண்டு பேரிங்குகள், அலகைப் பூட்டும் தகடுகள். உரிமையாளரே ஒரு திருப்புளியால் அரைமணி நேரத்தில் பிரித்துத் துடைத்துப் பூட்டலாம். ஆயினும் கடுகளவு திருகு ஒன்று தரையில் விழுந்து காணாமற்போனால் அந்த மரையளவில் இன்னொன்று செஞ்சிக் கடைத்தெருவிலோ விழுப்புரத்திலோ எளிதில் கிடைக்காது. கொல்லரால் அதை உலையில் அடிக்கவும் இயலாது. தறையாணிக் கத்தியைத் திறக்க ஒரு தொழிலாளி வேண்டும், ஆனால் உறுப்பு எங்கும் கிடைக்கும். திருகுக் கத்தியைத் திறக்க யாரும் போதும், ஆனால் உறுப்பு தொலைவில் உள்ள ஒரு நிறுவனத்திடம் மட்டுமே இருக்கும். என் கருத்தில் முன்னதே சிற்றூருக்கு ஏற்றது.

பழைய கத்தியும் எழுத்தாணியும் வைத்திருப்போர்க்கு

பழைய வீடுகளின் பெட்டிகளில் மடக்கெழுத்தாணிகள் இன்னும் கிடைக்கின்றன. சில பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன. சில பளபளப்பாக்கப்பட்டு அழகுப் பொருளாக விற்கப்படுகின்றன. பளபளப்பாக்குவோர் முதலில் செய்வது பழைய ஆணியை நீக்கிப் புது ஆணி அடிப்பது. அத்துடன் அப்பொருள் எத்தனை முறை, எவ்வகைக் கையால் செப்பனிடப்பட்டது என்ற செய்தி முழுவதும் அழிந்துபோகிறது. அருங்காட்சியகத்துக்கோ வீட்டுக்கோ பட்டியல் எழுதுவோர் நீளமும் பிடியின் பொருளும் குறிப்பதோடு நில்லாமல், ஆணி எந்த உலோகம், தலை இரு பக்கமும் ஒரே வகையில் அடிக்கப்பட்டுள்ளதா, துளை வட்டமா நீள்வட்டமா, வாஷர் உண்டா என்பவற்றையும் குறிக்க வேண்டும். ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி போதும்.

தந்தப் பிடி உடைந்திருந்தால் தந்தத்தாலேயே சரிசெய்ய இன்று வழியில்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் செய்த திருத்தங்களால் இந்திய யானைத் தந்த வணிகம் 1986இலும், இறக்குமதித் தந்த வணிகம் 1991இலும் தடைசெய்யப்பட்டன. உடைந்த துண்டு இருந்தால் அதையே ஒட்டலாம். இல்லையெனில் மாட்டெலும்போ மரமோ வைக்கலாம், நிறம் வேறுபட்டுத் தெரிவது குறையாகாது. இரும்புப் பகுதியில் உள்ள துருவை உப்புத்தாள் கொண்டு தேய்க்காமல், எண்ணெய் தோய்ந்த துணியால் பல நாள் துடைத்து எடுப்பது நல்லது. ஆணியை மாற்றியே தீர வேண்டும் என்றால், கழற்றிய பழைய ஆணியை ஒரு தாளில் மடித்து, மாற்றிய தேதியை அதன்மேல் எழுதி, கத்தியுடனேயே வைத்துவிடலாம்.